கண்ணாடிக்கு அளவெடுக்கும் முன்: வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி வைக்க விரும்புவோருக்கு

கடல்நீர் மீன்தொட்டி வேண்டும் என்று அழைப்பவர்களில் பெரும்பாலோர் ஒரு சுவரைக் காட்டித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். நாலடி போதுமா, ஆறடி வேண்டுமா, விளக்கு நீலமாகத் தெரியுமா, நிமோ மீன் எத்தனை விடலாம் என்று கேள்விகள் வரிசையாக வரும். தண்ணீரைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. சென்னையிலும் புறநகரிலும் வீடுகளில் இத்தகைய தொட்டிகளை அமைத்துப் பராமரிப்பது என் தொழில். கடலில் பிடிபட்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணித்து வந்த ஓர் உயிர், வரவேற்பறைக்கு வந்த முதல் மாதத்திலேயே செத்து மிதப்பதைப் பார்க்கும்போது நெஞ்சு கனத்துப்போகிறது. அந்தச் சாவுகளில் மிகப் பல, தண்ணீரைப் பற்றி முடிவெடுக்காமல் கண்ணாடிக்கு அளவு கொடுத்ததால் வந்தவை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எடைக் கணக்கு. 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் உள்ள தொட்டியை விளிம்பு வரை நிரப்பினால் ஏறக்குறைய 450 லிட்டர் பிடிக்கும். கடல்நீர் லிட்டருக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதல். 12 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 30 கிலோ. இந்தத் தொட்டிக்குக் கண்ணாடி மட்டும் 90 கிலோ ஆகிவிடும். தாங்கும் மேடை, பாறைகள், கீழே வைக்கும் இன்னொரு தொட்டி எல்லாம் சேர்ந்தால் 700 கிலோவை நெருங்குகிறது. இவ்வளவும் முக்கால் சதுர மீட்டர் தரையின்மேல் இரவும் பகலும் உட்கார்ந்திருக்கும். நம் நாட்டில் குடியிருப்பு அறைகளின் தளத்தைச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ சுமைக்குத்தான் வடிவமைக்கிறார்கள். அதற்காகத் தொட்டி வைத்த மறுநாளே தளம் இடிந்துவிடும் என்று பொருளல்ல. சுமை தளம் முழுவதும் பரவும். உத்தரம் எங்கே ஓடுகிறது, தொட்டி அதற்குக் குறுக்கே நிற்கிறதா, சுவரோரமா, அறையின் நடுவிலா என்பதையெல்லாம் பொறுத்தது. கட்டுமானப் பொறியாளர் ஒருவர் வந்து பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம் இது. கட்டடக்காரரோ தச்சரோ "தாங்கும் சார்" என்று சொல்வது போதாது. கடற்கரையை ஒட்டிய பழைய அடுக்குமாடிகளில் கூரைப் பூச்சு உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறதென்றால், அந்த வீட்டில் பெரிய தொட்டி வேண்டாம் என்றே சொல்லிவிடுகிறேன். வெளியே நீட்டிக் கட்டிய பால்கனியில் எந்த அளவிலும் வேண்டாம்.

கண்ணாடியை ஒட்டும் சிலிக்கோனில் ஒரு வார்த்தை. குளியலறைக்கென்று விற்கும் சிலிக்கோனில் பூஞ்சைக்கொல்லி சேர்த்திருப்பார்கள். அது தண்ணீரில் கசிந்து மீனைக் கொல்லும். உள்ளூரில் தொட்டி ஒட்டிக் கொடுப்பவரிடம் குழாயை வாங்கி அதன்மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள்.

இனி தண்ணீர். "கடல்தான் பக்கத்திலேயே இருக்கிறதே, கேனில் பிடித்து வந்தால் என்ன?" என்று கேட்காத சென்னைக்காரர் இல்லை. மெரினா கடற்கரையில் 1909-லேயே ஒரு கடல் மீன் காட்சியகம் திறந்தார்கள். அன்றைய கடல் வேறு. இன்று கூவமும் அடையாறும் நகரத்தின் கழிவைச் சுமந்து வந்து கலக்கும் கரையோர நீரை வீட்டுத் தொட்டியில் ஊற்றினால், எதை ஊற்றினோம் என்றே தெரியாது. மழைக்குப் பிறகு உப்பின் அளவும் மாறிவிடும்.

வீட்டுத் தொட்டிக்குச் சரியான வழி, சுத்தமான நீரில் கடலுப்புக் கலவையைக் கரைப்பது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் உண்டு. அவை சமையல் உப்பு மட்டுமல்ல. லிட்டருக்கு ஏறக்குறைய 1,300 மில்லிகிராம் மெக்னீசியம், 400 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம், அதே அளவுக்குப் பொட்டாசியம், இன்னும் பல. கல்லுப்பை வாங்கிக் கரைத்தால் நாக்குக்குக் கடல்போல இருக்கும், மீனுக்கு இருக்காது. 450 லிட்டருக்குச் சுமார் 16 கிலோ கலவை தேவை. நன்னீரின் அடர்த்தியை 1 என்று வைத்தால் இந்த நீரின் அடர்த்தி 1.025-ஐ ஒட்டி இருக்கிறதா என்று, ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கும் ரெஃப்ராக்டோமீட்டரில் பார்க்க வேண்டும். அந்தக் கருவியையும் அவ்வப்போது லிட்டருக்கு 35 கிராம் அளவுள்ள நியமக் கரைசலில் சரிபார்க்க வேண்டும். உப்பின் அளவை முள்ளால் காட்டும் மலிவான பெட்டிகள் பொய் சொல்லி நிறைய பார்த்திருக்கிறேன்.

கரைக்கும் நீர் எது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஆழ்துளைக் கிணற்று நீர் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். "எங்கள் வீட்டில் ஆர்.ஓ. இருக்கிறது" என்பார்கள். குடிப்பதற்கான ஆர்.ஓ. இயந்திரங்கள் பலவற்றில் சுவைக்காகக் கொஞ்சம் மூல நீரையோ தாதுக்களையோ திரும்பக் கலந்துதான் வெளியே விடுகிறார்கள். குடிக்க நல்லது, தொட்டிக்கு நல்லதல்ல. பாசி பச்சையும் பழுப்புமாகக் கண்ணாடியில் படர்வதற்கு அந்த நீரே முதல் காரணமாக இருக்கும். ஆர்.ஓ. சவ்வைத் தாண்டி இன்னொரு வடிகட்டி வழியாகவும் வந்து, கரைந்த திடப்பொருள் அளவு பூஜ்யத்தைத் தொடும் நீர் வேண்டும். அந்த நீர் ஆரம்பத்துக்கு மட்டும் போதாது, என்றைக்கும் வேண்டும். தொட்டியில் தினமும் நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஆவியான இடத்தை உப்பில்லாத நீரால்தான் நிரப்ப வேண்டும். வேலைக்காரம்மாவிடம் பொறுப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போன ஒரு வீட்டில், குறைந்த நீருக்கு உப்புநீரையே ஊற்றிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்தபோது இறால் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அந்த அம்மாள்மீது குற்றமில்லை. யாரும் அவரிடம் சொல்லவில்லை.

நீர் தயார், பாறை அடுக்கியாயிற்று, பம்ப் ஓடுகிறது. கண்ணுக்குப் பளிங்குபோல் தெளிவாக இருக்கும். அந்த வாரமே மீன் விட வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் துடிக்கும். இங்கேதான் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. மீனின் கழிவிலிருந்தும் தின்னாமல் விட்ட தீனியிலிருந்தும் அம்மோனியா வரும். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியாக்கள் போதிய அளவில் இல்லை. பாறையின் துளைகளிலும் மணலிலும் அவை பெருகி நிலைகொள்ளப் பெரும்பாலும் நாலு முதல் ஆறு வாரம் ஆகிறது. நன்னீர்த் தொட்டி வைத்துப் பழகியவர்கள் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வார்கள். ஆனால் கடல்நீரின் பி.எச்., அதாவது அமில-காரத்தன்மையைக் காட்டும் எண், 8.1 முதல் 8.4 வரை நிற்பது. பி.எச். ஓர் எண் ஏறினால், அம்மோனியாவில் நச்சு வடிவத்தின் பங்கு ஏறக்குறையப் பத்து மடங்காகிறது. குளத்து மீன் தாங்கிக்கொண்ட அளவு, கடல் மீனின் செவுளை எரித்துவிடும்.

சோதனை எளிது. கண்ணாடிக் குழாயில் 5 மி.லி. தொட்டி நீர், இரண்டு புட்டிகளிலிருந்து சில சொட்டுகள், மூடிக் குலுக்கி ஐந்து நிமிடம் காத்திருத்தல். நீர் மஞ்சளாகவே நின்றால் அம்மோனியா இல்லை. இளம்பச்சை தட்டினாலும் மீனுக்கு அனுமதியில்லை. மீன் விடாமலே சிட்டிகை தீனியைப் போட்டோ, அளந்து அம்மோனியா சேர்த்தோ தொட்டியைப் பழக்கலாம். முதலில் பச்சை அடர்ந்து, பிறகு வெளுத்து, நைட்ரைட் ஏறி இறங்கி, இரண்டும் இல்லாமல் நைட்ரேட் மட்டும் காட்டும் நாளில் தொட்டி உயிர் பெற்றுவிட்டது. "பலிகொடுக்க நாலு மலிவு மீன் விடுங்கள், தொட்டி பழகிவிடும்" என்று இன்றும் சொல்லித்தரும் கடைகள் உண்டு. நான் அதற்கு ஒருபோதும் உடன்பட மாட்டேன். வீட்டுப் பிள்ளைகளை அழைத்து, ஆறு வாரமும் அந்தக் குழாயின் நிறத்தைக் குறித்துவைக்கச் சொல்வேன். பலர் அந்த நோட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

மின்தடையைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும்.

25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீரில் 8 மில்லிகிராமுக்குச் சற்றுக் கூடுதலாக ஆக்சிஜன் கரையும். கடல்நீரில் 7 மில்லிகிராமுக்கும் குறைவு. வெப்பம் ஏற ஏற இதுவும் குறையும். சித்திரை வெயிலில் மூடிய வீட்டில் பம்பும் குளிர்விப்பானும் நின்றால், மீன்களுக்குக் கிடைக்கும் அவகாசம் மிகச் சிறியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளில் வெள்ளம் வடிந்து மின்சாரம் திரும்ப நாள்கணக்கில் ஆனது. அந்தப் பகுதியில் நான் பராமரிக்கும் ஒரு வீட்டில் இன்வெர்ட்டரும் தீர்ந்துவிட்டது, போனும் எடுக்கவில்லை. அங்கே மாமியாரும் மருமகளும் முறைவைத்து, குளியலறை மக்கில் தொட்டி நீரை மொண்டு ஓர் அடி உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். நீர் விழும் வேகத்தில் காற்று கலக்கும் என்பது மட்டும்தான் அவர்களுக்குத் தெரிந்தது. தீனியையும் அடியோடு நிறுத்திவிட்டார்கள். மீன்கள் பிழைத்தன. 1846-இல் டார்க்கீ கடற்கரையிலிருந்து லண்டனுக்குப் பவளங்களைக் கொண்டுபோன அன்னா தைன் என்ற பெண்மணியும், மின்சாரப் பம்ப் என்பதே இல்லாத காலத்தில், பணிப்பெண்ணை ஜன்னலருகே நிறுத்தி நீரை மாற்றி மாற்றி ஊற்றச் செய்துதான் அவற்றைக் காப்பாற்றினார். வழி இன்றும் அதுதான். ஆனால் மக்கை நம்பித் தொட்டி அமைக்க முடியாது. நீரோட்டம் உண்டாக்கும் சிறு பம்பையாவது இன்வெர்ட்டரில் இணையுங்கள். விளக்கும் குளிர்விப்பானும் அதில் வேண்டாம், பேட்டரியைக் குடித்துவிடும். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்றும் அலமாரியில் இருக்கட்டும். விலை அதிகமில்லை.

மின்சாரம் போகும்போது இன்னொன்றும் நடக்கும். மேல்தொட்டி நீர் வழிந்து சம்ப் எனப்படும் கீழ்த்தொட்டிக்கு இறங்கி, அங்கே வடிகட்டப்பட்டு, பம்ப் வழியாக மேலே திரும்புவதுதான் வழக்கமான அமைப்பு. பம்ப் நின்றதும் திரும்பும் குழாயே நீரைக் கீழே உறிஞ்சத் தொடங்கும். குழாயின் வாய் நீருக்கு மேலே தெரியும் வரை நிற்காது. 4 அடிக்கு 2 அடித் தொட்டியில் நீர்மட்டம் ஓர் அங்குலம் இறங்கினால் 19 லிட்டர். குழாயின் வாய் நாலு அங்குல ஆழத்தில் இருந்தால் 75 லிட்டருக்கு மேல் கீழே வரும். கீழ்த்தொட்டியில் அவ்வளவு காலியிடம் இல்லையென்றால் நடுராத்திரியில் உங்கள் தரையில் கடல் ஓடும். வாய் மேற்பரப்பை ஒட்டியே இருக்க வேண்டும். காற்றை உள்ளே விடும் சிறு துளையும் குழாயில் இருக்க வேண்டும். ஒட்டிக் கொடுப்பவர் போகும் முன் அவர் எதிரிலேயே சுவிட்சை அணைத்து, நீர் எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள். கீழ்த்தொட்டியில் அந்த மட்டத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் துளையைப் பாசி அடைத்துவிடும் என்பதால் மாதம் ஒருமுறை இதே சோதனை.

மனித உயிருக்கும் எச்சரிக்கை. உப்புநீர் நன்றாக மின்சாரம் கடத்தும். தெறித்து உலர்ந்த உப்பு, வயர் வழியே வெள்ளை மாவாகப் படர்ந்து பிளக் வரை ஏறும். தொட்டிக்கு அடியிலேயே தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எத்தனையோ வீடுகளில் எடுத்துச் சுவரில் மாட்டியிருக்கிறேன். ஒன்றின் உள்பக்கம் கருகி, உருகத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு வயரும் பிளக்கைவிடத் தாழ்ந்து ஒரு வளைவு தொங்கி மேலேறினால், சொட்டும் நீர் வளைவிலேயே விழுந்துவிடும். மின்கசிவு ஏற்பட்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. தொட்டிக்கென்று இல்லாமல் நான் வேலையைத் தொடங்குவதில்லை. கையைத் தொட்டிக்குள் விடுமுன் மின்சாரத்தை நிறுத்துங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கும் இதை முதல் நாளே சொல்லிவையுங்கள்.

வெப்பம் 24 முதல் 27 டிகிரிக்குள் நிற்க வேண்டும். சென்னைக்கு ஹீட்டர் அநேகமாகத் தேவையில்லை, சில்லர் எனப்படும் குளிர்விப்பான் தேவை. சில்லர் தன் வெப்பத்தை வெளியே தள்ளும் இயந்திரம். அதை அழகுக்காகப் பிளைவுட் கதவுக்குள் அடைத்தால் அது தன் வெப்பத்திலேயே தவிக்கும்.

இப்போது பவளம். "கொஞ்சம் பவளமும் வைத்துத் தாருங்கள் சார், கண்ணுக்கு நிறைவாக இருக்கும்" என்று கேட்பார்கள். வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துவிட்டு வரும் ஆசை, புரிகிறது. நம் நாட்டில் பாறையமைக்கும் பவளங்கள் அனைத்தும், கடல் விசிறி, கரும்பவளம், நெருப்புப் பவளம் முதலானவையும், கடற்குதிரைகளும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் சேர்க்கப்பட்டன. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. உயிருள்ளதோ இறந்ததோ, எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. "இது கடலோரம் ஒதுங்கிய செத்த கல் தம்பி, ஒன்றும் ஆகாது" என்று யாராவது மூட்டையை அவிழ்த்தால் நம்பாதீர்கள். "வெளிநாட்டுச் சரக்கு" என்றால், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் அனுமதியையும் சுங்க ஆவணத்தையும் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் பல்லாண்டுகளாகச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி வண்டி வண்டியாக ஏற்றிப்போனார்கள். பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று நீருக்கடியில். மிஞ்சிய பாறைகளை 2010-லும் 2016-லும் கடல் வெப்பம் வெளுக்கச் செய்தது. அங்கிருந்து ஒரு கல்லைக்கூட என் தொட்டிக்கு எடுக்க எனக்கு மனமில்லை. துளைகள் நிறைந்த பீங்கான் பாறைகள் கிடைக்கின்றன. பாக்டீரியா குடியேற அவையே போதும். ஓராண்டில் ஊதாப் பாசி படிந்து, கையால் செய்தது என்றே தெரியாது.

மீன் தேர்வில் என் கருத்து உறுதியானது: குஞ்சுப் பண்ணையில் பிறந்த கோமாளி மீனிலிருந்து தொடங்குங்கள். எல்லோரும் கேட்கும் நிமோ மீன் இதுதான். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் இவற்றை இனப்பெருக்கம் செய்யும் வழிகளை உருவாக்கியுள்ளன. தொட்டியில் பிறந்த மீனுக்குத் தொட்டி அந்நியமல்ல. குருணைத் தீனியைத் தின்னும். கடலில் இது தஞ்சம் புகும் கடல் தாமரை (சீ அனிமோன்) இல்லாமலே நலமாக இருக்கும். எல்லாமே ஆணாகத்தான் வளர்கின்றன. இரண்டை விட்டால் பெரியது பெண்ணாக மாறும். ஒரு நாள் பாறையின் சுத்தமான பக்கத்தில் ஆரஞ்சு நிற முட்டைகளை ஒட்டிவைக்கும். ஆண் மீன் விடாமல் துடுப்பால் விசிறிக்கொண்டே நிற்கும். ஒழுங்காகப் பராமரித்தால் பத்தாண்டுக்கு மேல் வாழும் என்பதையும் நினைவில் வைத்து வாங்குங்கள்.

நீல டாங் மீன் 30 செ.மீ. வரை வளர்ந்து நாள் முழுதும் நீந்துவது. நாலடித் தொட்டி அதற்குச் சிறை. மாண்டரின் மீன் பாறையில் ஊரும் நுண்ணிய உயிர்களையே தேடித் தின்னும்; புதுத் தொட்டியில் அது பட்டினியால் வாடிச் சாவதைத் தடுப்பது கடினம். சிங்க மீனின் துடுப்பு முள்ளில் நஞ்சு. இந்த மூன்றையும் கேட்டு வருபவர்களைத் திருப்பி அனுப்புகிறேன். எந்த மீனையும் வாங்குமுன் கடைக்காரரை உங்கள் எதிரில் தீனி போடச் சொல்லுங்கள். தின்னாத மீன் எவ்வளவு அழகானாலும் வேண்டாம். வாங்கியதைத் தனித் தொட்டியில் சில வாரம் வைத்துக் கவனியுங்கள். வெண்புள்ளி ஒட்டுண்ணி பெரிய தொட்டிக்குள் புகுந்துவிட்டால், எல்லா மீன்களையும் வெளியேற்றி இரண்டரை மாதம் காலியாக விட வேண்டியிருக்கும். செம்பு மருந்து தனித் தொட்டியில் மட்டும். இறாலும் நத்தையும் உள்ள தொட்டியில் அதன் சொட்டும் படக் கூடாது.

வேலை மாற்றம், வீடு மாற்றம் என்று தொட்டியைக் கலைக்கும் நாளும் சிலருக்கு வரும். மீனைக் கடலில் கொண்டுபோய் விட்டுவிடுவது புண்ணியம் என்று நினைப்பார்கள். வெளிநாட்டுச் சிங்க மீன்கள் அட்லாண்டிக்கில் பெருகி அங்குள்ள சிறு மீன்களை அழிப்பதற்குத் தொட்டிக்காரர்கள் விட்ட மீன்களே காரணம் என்று கருதப்படுகிறது. வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் கடற்பாசி நம் குருசடைத் தீவில் பவளங்களின்மேல் படர்ந்து மூடியதை மன்னார் வளைகுடாவில் பார்த்தோம். மீனைப் பராமரிக்கத் தெரிந்தவரிடமோ, வாங்கிய கடையிலோ ஒப்படையுங்கள். எங்களைப் போன்றவர்களை அழைத்தாலும் இடம் தேடித் தருவோம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றும் பழைய நீரையும் செடிக்கு ஊற்றாதீர்கள். மழைநீர் சேகரிப்புக் குழியில் அறவே கூடாது. 50 லிட்டர் நீரில் ஒன்றே முக்கால் கிலோ உப்பு இருக்கிறது. அது இறங்குவது உங்கள் தெருவே குடிக்கும் நிலத்தடி நீரில். கழிவுநீர்க் குழாயில் மட்டும் ஊற்றுங்கள்.